டெயில்கேட்: மெனுவுக்கு முன்னாடி கூடாரம்

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊரில், லாம்போ ஃபீல்ட் மைதானத்துக்கு வெளியே ஆட்ட நாளில் போய் நின்னீங்கன்னா, உள்ளே நடக்கிற அமெரிக்கக் கால்பந்தைவிட வெளியே கார் நிறுத்துமிடம்தான் பெரிய திருவிழாவோன்னு தோணும். காரின் பின்கதவைத் திறந்து வெச்சு, கிரில்லைப் பத்த வெச்சு, பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சியை பீரிலும் வெங்காயத்திலும் வேகவிட்டுச் சுடுவாங்க. அந்தப் பின்கதவின் பேர்தான் டெயில்கேட். விருந்துக்கும் அதே பேர். மதிய ஆட்டம்னா காலையிலேயே கூட்டம் கூடிடும்.

இந்த விருந்தைப் பத்தி எழுதுறவங்க பொதுவா மெனுவில் ஆரம்பிப்பாங்க. நான் கூடாரத்தில் ஆரம்பிக்கிறேன். சில வருஷம் முன்னாடி, வேறொரு ஊரில், குளிர் தாங்காம கூடாரத்தின் பக்கத் துணிகளை இறக்கிவிட்டு, கரி அடுப்பையும் உள்ளே இழுத்துக்கிட்டோம். கொஞ்ச நேரத்தில் நண்பர் ஒருத்தருக்குத் தலைவலி, குமட்டல். "ரெண்டு பீருக்கே இப்படியா"ன்னு கிண்டல் பண்ணினோம். வெளியே போய் நின்னதும் தெளிஞ்சுட்டார். எனக்கும் தலை கனமா இருந்ததை அப்புறம்தான் கவனிச்சேன். நான் குடிக்கவே இல்ல.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிடச் சுமார் 200 மடங்கு வலுவாப் பிடிச்சுக்கும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம், எல்லாமே போதை மாதிரிதான் தெரியும். அதனாலதான் குடிக்கிற இடத்தில் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. புகை அடங்கிட்டா ஆபத்து போச்சுன்னும் அர்த்தமில்ல. சாம்பல் பூத்த கங்கிலிருந்தும் வாயு வந்துகிட்டேதான் இருக்கும்.

ஆகவே அடுப்பு திறந்த வெளியிலேயே இருக்கட்டும். குளிருக்கு இன்னொரு ஜாக்கெட் போட்டுக்கலாம். ஜெனரேட்டர் இருந்தா ஆட்களிடமிருந்தும் கார்களிடமிருந்தும் குறைஞ்சது 20 அடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போற மாதிரி வைக்கணும். அடுப்புப் பக்கம் நின்னவர் தள்ளாடினா முதல்ல காத்தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தெளியலைன்னா 911. "போதைதான், கார்ல படுக்கட்டும்"னு தனியா விட்டுடாதீங்க.

ஆட்டம் தொடங்குற அவசரத்தில் கங்கைக் காருக்கு அடியில் கொட்டிட்டுப் போறவங்களும் உண்டு. கார் பத்திக்க வேற என்ன வேணும்? பல மைதானங்களில் கங்கு போடத் தனி இரும்புத் தொட்டியே இருக்கு. இல்லைன்னா தண்ணி ஊத்திக் கிளறி, மறுபடி ஊத்தி, நல்லா ஆறவிடணும். சூடு போகாத கிரில்லை டிக்கியில் ஏத்தினா, கூடாரக் கதையேதான் காருக்குள்ளும்.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய கவலை சுடுறதைவிட மிஞ்சுறதுதான். கோழி உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், கொத்துக்கறி 160 வந்தாப் போதும். தெர்மாமீட்டர் குத்திப் பார்த்துடலாம். ஆனா வெளியே வெச்ச கறிக்கு ரெண்டு மணிநேரம்தான் கெடு, வெயில் 90 டிகிரிக்கு மேல போனா ஒரு மணிநேரம். ஆட்டமோ மூணு மணிநேரம் ஓடும். திரும்பி வந்து மேசையில் கிடக்கிற கறியை மோந்து பார்த்து முடிவு பண்ண முடியாது. ஐஸ்பெட்டி ரெண்டு வேணும்: அடிக்கடி திறக்கிற பானங்களுக்கு ஒண்ணு, கறிக்கு ஒண்ணு.

வண்டி ஓட்டப்போறது யாருன்னு முதல் பாட்டில் திறக்கும் முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

எங்க கூடாரத்துக்கு இப்போ பக்கத் துணியே இல்ல. வீட்டில் பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்க எடுத்துக்கிட்டோம்.