எதிராளி இல்லாத தேர்தல்

தேர்தல் என்றால் குறைந்தது இருவராவது போட்டியிட வேண்டும் என்பது நாம் அறிந்த விஷயம். ஒரே ஒருவர் நின்று, அவரும் தோற்றுப் போகக்கூடிய விசித்திரமான தேர்தல் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்து வருகிறது. அதில் நிற்பவர், நியாயாசனத்தில் அமர்ந்து வழக்கு விசாரிக்கும் ஜட்ஜு!

நம் நாட்டில் ஜில்லா ஜட்ஜை ஹைக்கோர்ட்டைக் கலந்துகொண்டு கவர்னர் நியமிக்கிறார். அதன் பிறகு அவர் யாரிடமும் வோட்டுக் கேட்டுப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ ராஜ்யத்துக்கு ஒரு முறை. 19-ம் நூற்றாண்டில் பல ராஜ்யங்கள், ஜட்ஜுகளையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்தன. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் நாளடைவில், கட்சித் தலைவர்கள் கை காட்டியவர்களே நியாயாசனம் ஏறலாயினர். கான்ஸாஸ் நகரத்து டாம் பெண்டர்காஸ்ட் போன்ற கட்சி எஜமானர்களின் ஆதிக்கத்தைக் கண்டு சலித்த மிஸ்ஸௌரி ராஜ்யத்துப் பிரஜைகள், 1940-ல் ஒரு புது முறையை வோட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள்.

அம்முறை பின்னர் பல ராஜ்யங்களுக்குப் பரவிற்று. ஐயோவா ராஜ்யம் அதை 1962-ல் ஏற்றது. அங்கே ஜட்ஜு ஸ்தானம் ஒன்று காலியானால், ஒரு கமிட்டி தகுதியானவர்களை ஆராய்ந்து சில பெயர்களை கவர்னருக்கு அனுப்பும். கவர்னர் அவர்களில் ஒருவரை நியமிப்பார். குறைந்தது ஓராண்டு வேலை பார்த்த பின், அவர் பெயர் வோட்டுச் சீட்டில் அச்சாகும். "இவர் பதவியில் நீடிக்கலாமா?" என்பது கேள்வி. "ஆம்", "இல்லை" என்பவையே விடைகள். ஜில்லா கோர்ட்டு ஜட்ஜு ஆறு ஆண்டுக்கு ஒரு முறையும், ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜு எட்டு ஆண்டுக்கு ஒரு முறையும் இந்தப் பரீட்சைக்கு உட்பட வேண்டும்.

பெரும்பாலும் இது ஆரவாரமின்றி முடிந்துவிடும். ஜட்ஜின் பெயரைக்கூட அறியாமல் "ஆம்" என்று குறித்துவிட்டுப் போகிறவர்கள் அநேகர். இக்குறையைப் போக்கவே கொலராடோ ராஜ்யத்தில், ஒவ்வொரு ஜட்ஜின் வேலையையும் பரிசீலித்து வோட்டர்களுக்கு அறிக்கை தரும் கமிஷன்களை 1988-ல் ஏற்படுத்தினார்கள்.

ஆனால் ஜனங்களின் கோபம் கிளர்ந்துவிட்டாலோ கதை வேறு. ஐயோவாவின் தலைநகரமான டிமாயின் அடங்கிய போல்க் ஜில்லாவில் ராபர்ட் ஹான்ஸன் என்பவர் ஜட்ஜாக இருந்தார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விவாகம் செய்துகொள்வதைத் தடுத்த சட்டம் அரசியல் சாஸனத்துக்கு முரணானது என்று 2007-ல் அவர் தீர்ப்பளித்தார். ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் ஏழு பேரும் 2009-ல் ஒரு மனதாக அதை ஊர்ஜிதம் செய்தார்கள். நாடெங்கும் அமளி ஏற்பட்டது.

2010 நவம்பரில் அந்த ஏழு பேரில் மூவரின் பெயர்கள் வோட்டுச் சீட்டில் வந்தன. ஐயோவாவின் முதல் பெண் பிரதம ஜட்ஜான மார்ஷா டெர்னஸ் அவர்களில் ஒருவர். எதிர்ப்பாளர்கள் ஏராளமான பணத்தைச் செலவிட்டுப் பிரசாரம் செய்தார்கள். நியாயாசனத்தில் இருப்பவர்கள் பணம் திரட்டி வோட்டு வேட்டையாடுவது தகாது என்று கருதி, மூவரும் எதிர்ப் பிரசாரத்தில் இறங்கவில்லை. நூற்றுக்குச் சுமார் 54 பேர் "இல்லை" என்றார்கள். மூவரும் பதவி இழந்தார்கள். முதல் தீர்ப்பை எழுதிய ஹான்ஸனும் அதே தேர்தலில் நின்றார். அவரை அவருடைய ஜில்லா ஜனங்கள் நீடிக்கச் செய்தார்கள்!

மூவர் போனார்களே தவிர, தீர்ப்பு போகவில்லை. அதே தீர்ப்பில் கையொப்பமிட்ட டேவிட் விக்கின்ஸ் 2012-லும், எஞ்சிய மூவர் 2016-லும் ஜனங்களின் சம்மதம் பெற்றுப் பதவியில் நீடித்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லக் கோபமும் தணிந்துவிட்டது போலும்.

லஞ்சம் வாங்குகிறவரையும், சோம்பேறியையும், கட்சிக்காரர்களுக்குத் தலையாட்டுகிறவரையும் விலக்க ஜனங்களுக்கு ஒரு கருவி வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. அக்கருவியே, சட்டத்தைத் தம் மனச்சாட்சிப்படி படித்துச் சொன்னவர்மீதும் பாயலாம் என்பதை ஐயோவா காட்டிவிட்டது. தராசைப் பிடித்திருக்கும் கை, அடுத்த தேர்தலை நினைத்து நடுங்கத் தொடங்கினால், பெரும்பான்மையோரின் ஆதரவு இல்லாத ஏழை வாதி எந்தக் கோர்ட்டை நம்பிப் படியேறுவான்? ஜட்ஜுகளை ஜனங்களுக்குப் பொறுப்பாளிகளாக்க விரும்பும் எந்தத் தேசமும் முதலில் இக்கேள்விக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும்.