'இன்' சேர்ந்தால் எரியாதா?

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃபிளாமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில ஸ்பிரே டப்பாக்களிலோ 'ஃபிளாமபிள்' என்றிருக்கும். 'சால்யுபிள்' என்றால் கரைவது. 'இன்சால்யுபிள்' என்றால் கரையாதது. அப்படியானால் 'இன்ஃபிளாமபிள்' என்பது தீப்பற்றாததா? நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றக்கூடியது!

இந்தக் குழப்பத்திற்கு லத்தீன் மொழியே காரணம். அங்கே 'இன்' என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'அல்லாத' என்று மறுக்கும். மற்றொன்று 'உள்ளே' என்று பொருள்படும். மருந்தை உடலுக்குள் செலுத்தும் 'இன்ஜெக்ஷன்', மூச்சை உள்ளிழுக்கும் 'இன்ஹேல்' ஆகியவற்றில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'. தீ மூட்டுவதைக் குறிக்கும் 'இன்ஃபிளேம்' என்ற வினைச்சொல்லும் இந்த வகையே. அதிலிருந்து வந்த பெயரடைதான் 'இன்ஃபிளாமபிள்'. புண் சிவந்து எரியும் அழற்சியை மருத்துவர்கள் 'இன்ஃபிளமேஷன்' என்பதும் இதனால்தான்.

'ஃபிளாமபிள்' இதற்கு இளையது. 1813-இல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியது. பிறகு நெடுங்காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்கு வாழ்வளித்தது தீ விபத்து பற்றிய அச்சம். 'இன்' என்பதைப் பார்த்து 'எரியாது' என்று நினைக்கும் ஒரு தொழிலாளி, பெட்ரோல் பீப்பாயின் அருகே தீக்குச்சியைக் கிழித்தால் என்ன ஆகும்? உறைநிலைக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழேயும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். எனவே 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃபிளாமபிள்' என்றே எழுதும்படி வற்புறுத்தியது. இலக்கணம் பார்த்தால் மூத்த சொல்லில் குற்றமில்லை. ஆனால் அகராதியைப் புரட்டிவிட்டா ஒருவர் பீடி பற்றவைப்பார்? மாற்றியது சரியே.

இந்தியாவில் பழைய சொல் இன்னும் போகவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பெயரே 'இன்ஃபிளாமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்'.

எரியாத பொருளை எப்படிச் சொல்வது? 'நான்ஃபிளாமபிள்' என்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஸ்பிரிட் புட்டிக்குச் சீட்டு ஒட்டும்போது 'ஃபிளாமபிள்' என்றே எழுதுங்கள். சட்டென்று சீறும் முன்கோபியின் குணத்தைச் சொல்ல மட்டும் 'இன்ஃபிளாமபிள்' பொருந்தும். அங்கே இளைய சொல் எடுபடாது.