ஆறாவது தசமத்துக்கு அப்பால்

1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரயர்சன் ஆய்வுக்கூடத் திறப்பு விழாவில் ஆல்பர்ட் மைக்கல்சன் பேசினார். இயற்பியலின் பெரிய விதிகளில் பெரும்பாலானவை கண்டறியப்பட்டுவிட்டன, இனி வரும் உண்மைகளைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறாவது இடத்தில்தான் தேட வேண்டியிருக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். அடுத்த ஆண்டே ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896-இல் கதிரியக்கம், 1897-இல் எலெக்ட்ரான், 1900-இல் பிளாங்கின் குவாண்டம் என்று வரிசையாக வந்தன. பாவம் மைக்கல்சன், அந்த ஒரு கருத்துக்காக இன்றுவரை கேலி செய்யப்படுகிறார்.

எனக்கென்னவோ அவர் பாதி சரியாகவே சொன்னார் என்று தோன்றுகிறது. பெரிய விதிகள் தீர்ந்துபோகவில்லை என்பது உண்மை. ஆனால் புதிய விதிகள் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான்.

பிளஸ் டூ முடித்து இயற்பியல் எடுக்க நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாகப் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதில் எந்தப் பிரிவுக்கு எதிர்காலம்? காலத்துக்குக் காலம் பதில் மாறிவந்திருக்கிறது. ஒருகாலத்தில் அணுக்கரு, பிறகு மீகடத்தி, பிறகு நானோ, இப்போது குவாண்டம் கணினி. என்னைக் கேட்டால் துல்லிய அளவியல் என்பேன். கவர்ச்சியில்லாத பெயர்தான். அளவியல் என்றதும் நம் ஊரில் எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கும் அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

மைக்கல்சன் பேசிய அதே 1894-இல் இங்கிலாந்தில் ரேலி பிரபு ஒரு சில்லறை வித்தியாசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அமோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஏறக்குறைய அரை சதவீதம் கனமாக இருந்தது. தராசின் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் நகரவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். அந்த அரை சதவீதத்துக்குள் ஒளிந்திருந்தது ஆர்கான். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு இருந்தும் அதுவரை யாரும் இனங்காணாத தனிமம். 1904-இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

மைக்கல்சனின் சொந்தக் கருவியின் கதை இதைவிடச் சுவையானது. ஒரு ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பாதைகளில் அனுப்பி, கண்ணாடியில் பட்டுத் திரும்பியதும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் குறுக்கீட்டுமானி அது. ஒரு பாதை மயிரிழை நீண்டாலும் சேர்ந்த ஒளியின் கோலம் மாறிவிடும். 1887-இல் எட்வர்ட் மார்லியோடு சேர்ந்து இதை வைத்து ஈதரைத் தேடினார். கிடைக்கவில்லை. அப்படிக் கிடைக்காமல் போனதுதான் பிற்காலத்தில் சார்பியலுக்குப் பெரிய சாட்சியானது.

அதே அமைப்பை 4 கிலோமீட்டர் நீளக் கைகளோடு கட்டினால் அதுதான் அமெரிக்காவின் லைகோ. 2015 செப்டம்பர் 14 அன்று, 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்ததன் ஈர்ப்பலை அதைக் கடந்து சென்றது. அப்போது கைகளின் நீளத்தில் ஏற்பட்ட மாற்றம், மொத்த நீளத்தோடு ஒப்பிட்டால், தசமப் புள்ளிக்குப் பின் 21-ஆவது இடத்தில் இருந்தது. புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு! ஐன்ஸ்டைன் 1916-இல் இந்த அலைகளைக் கணித்தபோது, அளக்கவே முடியாத அளவுக்குச் சிறியவை என்றுதான் நினைத்தார். அளந்துவிட்டார்கள். கண்ணாடி இழைகளில் தொங்கும் 40 கிலோ ஆடிகள், காற்றே இல்லாத குழாய்கள், 2019 முதல் ஒளியின் குவாண்டம் இரைச்சலையே நெருக்கி அடக்கும் தந்திரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். முதல் மோதலைப் பதிவு செய்த பத்தாண்டுகளில் எண்ணிக்கை முந்நூறை நெருங்கிவிட்டது. இந்த வேலைக்குத் தேவைப்பட்ட பொறுமையையும் சொல்லிவிட வேண்டும். ரெய்னர் வைஸ் இதைத் திட்டமாக எழுதியது 1972-இல். நோபல் பரிசு வந்தது 2017-இல்.

கடிகாரங்களில் நடந்திருப்பது இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. 1967 முதல் ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள். இன்றைய ஸ்ட்ரான்சியம் கடிகாரங்கள் விநாடிக்கு ஏறக்குறைய 429 லட்சம் கோடி முறை அதிரும் ஒளியை எண்ணுகின்றன. அளவுகோலின் கோடுகள் நெருங்க நெருங்க அளவு கூர்மையாகிறது. அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகத்தில் ஜுன் யே குழுவினர் செய்திருக்கும் கடிகாரம் பிரபஞ்சம் பிறந்தபோதே ஓடத் தொடங்கியிருந்தால், இன்றுவரை அரை விநாடிகூடப் பிசகியிருக்காது.

இவ்வளவு துல்லியம் எதற்கு, ரயிலைப் பிடிக்கவா என்று கேட்கலாம். பூமியிலிருந்து உயரே போகப் போகக் காலம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்பது ஐன்ஸ்டைன் சொன்னது. ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் வித்தியாசம் 18-ஆவது தசமத்தில் வரும். 2022-இல் ஜிலா குழு ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள அணுக்கூட்டத்தின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலேயே இந்த வித்தியாசத்தைக் கண்டது. ஆக, கடிகாரம் இப்போது கொத்தனார் கையிலுள்ள ரசமட்டம் மாதிரி ஆகிவிட்டது: உயரத்தைச் சொல்கிறது, அடியில் நிறை கூடினாலும் குறைந்தாலும் அதையும் சொல்லக்கூடும். எரிமலைக்குள் ஏறும் பாறைக்குழம்பு, வற்றும் நிலத்தடி நீர் எல்லாம் வருங்காலத்தில் இதன் கணக்குக்குள் வரலாம். குளிர்ந்த அணுக்களைக் கொண்டு ஈர்ப்பை அளக்கும் கருவியால் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் மண்ணுக்கடியில் இருந்த ஒரு சுரங்கப்பாதையையே 2022-இல் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தோரியம்-229. அணுக்கருவை உசுப்புவதற்குச் சாதாரணமாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். இந்த ஒரு கருவுக்கு மட்டும் 8.4 போதும், அதாவது லேசராலேயே தட்டி எழுப்பிவிடலாம். இப்படியொரு தாழ்ந்த நிலை உண்டு என்று 1976-லேயே தெரிந்திருந்தும் சரியான லேசர் நிறத்தைக் கண்டுபிடிக்க 2024 வரை ஆயிற்று. முதலில் ஜெர்மனி, ஆஸ்திரியக் குழுவினர் தட்டி எழுப்பினார்கள். சில மாதங்களில் ஜிலா அதன் அதிர்வெண்ணைப் பல மடங்கு துல்லியமாக அளந்தது.

இதில் ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. கருவுக்குள் வலுவிசையும் மின்விசையும் தரும் பெரிய ஆற்றல்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்துக்கொண்டபின் மிஞ்சுவதுதான் அந்த 8.4. மின்விசையின் வலிமை காலப்போக்கில் அணுவளவு மாறினாலும் இந்த மிச்சம் பெரிதாக ஆடும். இயற்கையின் மாறிலிகள் உண்மையிலேயே மாறாதவையா, கரும்பொருள் ஏதேனும் அவற்றை மெல்ல அசைக்கிறதா என்பதையெல்லாம் மேசைமேல் வைத்துச் சோதிக்க இதைவிட நல்ல கருவி கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு இடைச்செருகல்: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பது தோரியம்-232. அதை அணு உலையில் யுரேனியம்-233 ஆக்கலாம். கல்பாக்கத்தின் சின்னஞ்சிறு காமினி உலை ஓடுவது அந்த எரிபொருளில்தான். யுரேனியம்-233 சிதைந்தால் கிடைப்பது தோரியம்-229.

மற்ற துறைகள் வீண் என்று சொல்லவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லேசர் அணுப்பிணைவு ஆய்வகம் 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றது. அந்த லேசரை ஓட்ட மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் பிடித்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இனி அதில் பெரும்பகுதி பொறியாளர்களின் வேலை. துகள் இயற்பியலில் 2012-இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தபின், அதைத் தந்த 27 கிலோமீட்டர் மோதுவி வளையம் புதிய அடிப்படைத் துகள் எதையும் தரவில்லை. குவாண்டம் கணினிக்குக் கொட்டப்படும் பணத்தில் பாதி அவசரம் என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் கணினிக்காக அணுவையும் மின்சுற்றையும் வெளியுலகச் சலசலப்பிலிருந்து காப்பாற்றும் வித்தையைக் கற்றவர், அதே வித்தையால் உணரிகளும் செய்யலாம். கணினி தாமதமானாலும் படிப்பு வீணாகாது.

தசமங்கள் ஏமாற்றவும் செய்யும். மியூவான் துகளின் காந்தப்பண்பு கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று 2021-இல் ஃபெர்மி ஆய்வகம் அறிவித்தபோது, புதிய இயற்பியல் வந்தேவிட்டது என்று உலகமே பரபரத்தது. 2025-இல் இறுதி அளவு வந்தது, பழைய அளவை அப்படியே உறுதிசெய்தது. அதற்குள் கோட்பாட்டுக் கணக்கே திருத்தப்பட்டு, இடைவெளி ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்தார்கள். ஒப்பிட வைத்திருந்த எண்தான் தள்ளாடியது.

நம் நாட்டில் இதற்கு வேலை இருக்கிறதா? நேவிக் வழிகாட்டித் தொகுப்பின் முதல் செயற்கைக்கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய மூன்று ருபீடியம் கடிகாரங்களும் பழுதாகிப்போயின. அதன்பின் இஸ்ரோ தானே உருவாக்கிய அணுக்கடிகாரம் 2023 மே மாதம் என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் மேலே சென்றது. அதே ஆண்டு ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா கட்ட 2,600 கோடி ரூபாயும், தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாயும் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. குவாண்டம் திட்டத்தில் உணரிகளும் அளவியலும் மும்பை ஐஐடியின் பொறுப்பு, தகவல் தொடர்பு சென்னை ஐஐடியின் பொறுப்பு.

தடை பணத்தில் இல்லை, நம் செய்முறை வகுப்பில் இருக்கிறது. ஊசல் சோதனையில் g மதிப்பு 9.8 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்பும் பழக்கம் தெரியாத இயற்பியல் மாணவர் அரிது. 9.6 வந்தால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம். அந்த 0.2 எங்கிருந்து வந்தது, நூலின் நீளத்திலா, நிறுத்துகடிகாரத்தை அமுக்கிய விரலிலா என்று துருவுவதற்கு மதிப்பெண் தரும் கல்லூரி எங்காவது இருந்தால், எதிர்காலம் எந்தத் துறைக்கு என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் அந்தக் கல்லூரியின் பெயரைத்தான் சொல்வேன்.