சொன்னென்பர்க்: ஒரு சிற்றூரின் இரு நினைவுகள்

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றைப் பயில்வோர் பெஞ்சமின் சுல்ட்சே ஐயரையும் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயரையும் நன்கறிவர். முன்னவர், சீகன்பால்கு ஐயர் ரூத் ஆகமம்வரை செய்துவைத்த பழைய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை நிறைவு செய்தவர். பின்னவர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் நெடுங்காலம் உழைத்து, 1798இல் தஞ்சையில் மரித்தவர். 1689இல் ஒருவரும் 1726இல் மற்றவருமாக இவ்விருவரும் சொன்னென்பர்க் என்னும் ஒரே சிற்றூரில் பிறந்தனர். ஹாலே நகரில் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கியது, தாயகம் திரும்பியிருந்த இந்தச் சுல்ட்சேயிடமே. அவ்வூர் ஜெர்மனியிலுள்ளது என்று நாம் வழக்கமாகச் சொல்லிவருகிறோம். ஆனால் 1945ஆம் ஆண்டுமுதல் அது போலந்து நாட்டைச் சேர்ந்தது. அதன் பெயரும் ஸ்வோன்ஸ்க் என்றாயிற்று.

இவ்வூர் போலந்தின் மேற்கெல்லையை அடுத்து, வார்த்தா ஆறு ஓடர் ஆற்றோடு கலக்குமிடத்திற்குச் சற்றுக் கிழக்கே அமைந்துள்ளது. ஆற்று வெள்ளம் பரந்து தேங்கும் தாழ்நிலம் அது. 18ஆம் நூற்றாண்டில் பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் பிரெடெரிக் இச்சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை வடித்து, குடியானவர்களைக் குடியேற்றினார். வடிக்கப்படாது எஞ்சிய பகுதிக்கு இன்றும் காட்டு வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் திரளாக வருகின்றன. 2001இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஊரின் பழம்பெருமை அருளப்பர் சபை வீரர்களால் வந்தது. நோயாளரைப் பேணுவதற்கென எருசலேமில் தோன்றிய அச்சபையின் பிரண்டன்பர்க் கிளை, 15ஆம் நூற்றாண்டில் இவ்வூரை வாங்கித் தன் தலைமையிடமாக்கியது. 16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் சீர்திருத்தம் பரவியபோது இக்கிளையும் லுத்தரன் வழியைத் தழுவியது. வீரர்களுடைய பெரிய ஆலயம் இன்றும் நிற்கிறது. அவர்களுடைய அரண்மனையோ 1975இல் தீக்கிரையாகி இடிபாடாகக் கிடக்கிறது.

மிஷனெரிகளின் ஊர், ஆலயத்தின் ஊர் என்று இதோடு நிறுத்திவிட நமக்கு விருப்பமாயிருக்கும். ஆயினும் வரலாறு அங்கே நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு பெருஞ்சிறை கட்டப்பட்டது. சுகாதாரக் கேட்டின் காரணமாக 1931இல் மூடப்பட்ட அதனை, 1933 ஏப்ரலில் நாசிகள் தங்கள் அரசியல் எதிரிகளை அடைக்கும் முகாமாகத் திறந்தனர். பின்னர் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் கார்ல் பான் ஒசியெட்ஸ்கி இங்கே வதைக்கப்பட்டோருள் ஒருவர். உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளிலிருந்து கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1945 ஜனவரி 30ஆம் நாள் இரவு, சோவியத் படை நெருங்கிவந்த வேளையில், ஒரே இரவில் 800க்கு மேற்பட்ட கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

போர் முடிந்ததும் எல்லைகள் மாறின. ஜெர்மானியக் குடிகள் வெளியேற்றப்பட்டனர். போலந்து மக்கள் குடியேறினர். லுத்தரன் ஆலயம் கத்தோலிக்கரின் வழிபாட்டுத்தலமாயிற்று. கொல்லப்பட்டோரின் கல்லறைத் தோட்டமும், 1974இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகமும் அவ்விரவின் சாட்சிகளாக உள்ளன.

திருச்சபை வரலாற்றைப் போதிக்கும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. நமக்கு நற்செய்தி கொணர்ந்தோரின் ஊரைப் புனித பூமியாக்கிவிடுவது எளிது. அவ்வாறு செய்தால் அச்சிறையை நாம் மறைத்தவர்களாவோம். சிறையை எண்ணி அவ்விருவரின் உழைப்பைக் குறைத்து மதிப்பதும் நீதியன்று. தலைமுறை தலைமுறையாகத் திருவசனம் ஒலித்த ஓர் ஊரும், அண்டையில் நடக்கும் கொடுமையின் நடுவே வாழப் பழகிவிடக்கூடும். முன்னோரின் விசுவாசம் பின்னோருக்குத் தானாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தானே ஏற்றுக் கைக்கொள்ள வேண்டும். சுவார்ட்ஸ் ஐயரைப்பற்றி இனி நாம் கற்பிக்கையில், அவருடைய ஊரின் இரு பெயர்களையும், அதன் இரு நினைவுகளையும் சேர்த்தே சொல்வோமாக.