சுவருக்கு உள்ளே ஓட்டு இல்லை

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, இலவச சட்ட உதவி வழக்கறிஞராக மதுரை மத்திய சிறைக்குப் போயிருந்தேன். ஜாமீன் விஷயம் பேசி முடித்ததும் ஒரு விசாரணைக் கைதி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், பூத் சிலிப் வீட்டுக்கு வந்திருச்சாம். நான் போகலைன்னா என் ஓட்டை வேற எவனாவது போட்டுருவானா?"

அவர் பெயின்டர். பைக் திருட்டு வழக்கு. ஜாமீன் உத்தரவு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். அவருடைய சொந்தபந்தம் எல்லாமே வாடகை வீட்டில். ரசீதுக்கு எங்கே போவது? உத்தரவு கையில் இருந்தும் அவர் உள்ளேயே இருந்தார்.

அதே நேரத்தில் என்னிடம் இன்னொரு கட்சிக்காரரும் இருந்தார். கொலை முயற்சி வழக்கில் ஏழு ஆண்டுத் தண்டனை பெற்றவர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு போட்டு, தண்டனையை நிறுத்திவைக்கும் உத்தரவு வாங்கி வெளியே வந்திருந்தார். ஏப்ரல் 19 அன்று காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலோடு அலுவலகம் வந்தார்.

குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னவர் ஓட்டுப் போட்டார். இன்னும் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லாதவர் போட முடியவில்லை. இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. சட்டமே இப்படித்தான் இருக்கிறது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதன் 62(5) பிரிவு சொல்வது இதுதான்: தண்டனை பெற்றோ வேறு எந்தக் காரணத்தாலோ சிறையில் அடைபட்டிருப்பவரும், போலீஸ் காவலில் இருப்பவரும் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடாது. "வேறு எந்தக் காரணத்தாலோ" என்பதற்குள்தான் விசாரணைக் கைதிகள் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். நான்கில் மூன்று பங்கு.

இந்தப் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள் தபால் மூலம் வாக்களிக்கலாம். தமிழ்நாட்டில் இதன் பொருள் என்ன? குண்டர் சட்டத்தில் உள்ளே போனவருக்குச் சட்டப்படி தபால் ஓட்டு உண்டு. வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்து என்று கலெக்டரோ கமிஷனரோ உத்தரவு போட்டு அடைத்தவருக்கு ஓட்டு. ரசீது இல்லாமல் மாட்டிக்கொண்ட பெயின்டருக்கு இல்லை. தடுப்புக்காவலில் இருப்பவருக்கு ஓட்டு கொடுத்தது சரிதான். அரசியல் எதிரிகளை அடைத்து வைத்தே தேர்தலை ஜெயிக்க அது தடையாக இருக்கும். என் கேள்வி, அந்த வாசலை மற்றவர்களுக்கு ஏன் சாத்தினோம் என்பதுதான்.

உள்ளே இருக்கும் விசாரணைக் கைதி ஓட்டுப் போடத்தான் முடியாது, தேர்தலில் நிற்கலாம். 2013இல் உச்ச நீதிமன்றம், ஓட்டுப் போட முடியாதவர் வேட்பாளராகவும் முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. 2024இல் காஷ்மீர் அரசியல்வாதி பொறியாளர் ரஷீத் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே பாரமுல்லா தொகுதியில் உமர் அப்துல்லாவை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அந்தத் தேர்தலில் சட்டப்படி அவருக்கு ஓட்டு கிடையாது. தங்களைப் பாதிக்கும் விஷயம் என்றதும் சட்டத்தைத் திருத்த நம் உறுப்பினர்களுக்குச் சில மாதங்கள் போதுமாக இருந்தன. நாலு லட்சம் பேருடைய ஓட்டுக்கு அந்த அவசரம் இதுவரை வரவில்லை.

62(5)ஐ எதிர்த்த வழக்கு 1997இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சொந்த நடத்தையால் சிறைக்குப் போனவர் வெளியில் இருப்பவருக்குச் சமமான சுதந்திரத்தைக் கேட்க முடியாது. சிறைவாசிகளை வாக்களிக்க வைக்கப் போதுமான போலீசும் ஏற்பாடும் இல்லை. குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். நீதிமன்றம் ஏற்ற காரணங்கள் இவை. வாக்குரிமை சட்டம் கொடுத்தது, அதனால் சட்டம் அதற்கு எல்லை போடலாம் என்ற பழைய நிலைப்பாடும் கூட நின்றது. அதன் வேர் நம் மண்ணில்தான் இருக்கிறது. முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான என்.பி. பொன்னுசாமி தொடுத்த வழக்கில்தான், வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டம் உண்டாக்கிய உரிமைகள் என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

போலீஸ் போதாது, ஏற்பாடு இல்லை என்ற காரணத்தை இன்று என்னால் ஏற்க முடியவில்லை. 2024இல் 85 வயது கடந்தவர்களின் வீட்டு வாசலுக்கே போய் ஓட்டு வாங்கினார்கள். அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக மலையேறிப் போய் வாக்குச்சாவடி அமைத்தார்கள். பெருமையான செய்தி அது. சிறையிலோ எல்லோரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் கையில் இருக்கிறது, தினமும் எண்ணுகிறார்கள். சிறை முழுவதும் சேர்ந்து உள்ளூர்த் தேர்தலைப் புரட்டிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சிறையில் அடைபட்டிருப்பதாலேயே ஒருவர் அந்த ஊர்வாசி ஆகிவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவரவர் ஓட்டு அவரவர் சொந்தத் தொகுதிக்குத்தான் போகும்.

சரி, விசாரணைக் கைதியை விடுங்கள், குற்றம் நிரூபணமாகித் தண்டனை அனுபவிப்பவருக்கும் ஓட்டு வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து.

கோர்ட் தாழ்வாரத்தில் ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டிருக்கிறார்: "என் மகன் இனிமே எந்த எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடுவான்?" அவருடைய பிள்ளையைக் கொன்றவர்களில் ஒருவனுக்கு நான் வக்கீல். அந்தத் துக்கத்துக்கு முன்னால் பேச என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் இந்தச் சட்டம் அந்தத் தகப்பனாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. தண்டனை பெற்றவன் மேல்முறையீட்டில் ஜாமீன் வாங்கி வெளியே வந்த மறுநாளே ஓட்டுப் போடுகிறான். தீர்ப்பில் நீதிபதி இத்தனை ஆண்டு சிறை, இவ்வளவு அபராதம் என்று எழுதுகிறார். ஓட்டைப் பறிக்கிறேன் என்று எழுதுவதில்லை. குற்றத்தோடு ஓட்டை முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் சட்டம் அதைத் தனியாகவே சொல்லியிருக்கிறது: தேர்தலில் லஞ்சம் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்டவர், 11ஏ பிரிவுப்படி, வெளியே இருந்தாலும் ஆறு ஆண்டுகள் வாக்களிக்க முடியாது. அது நியாயம். 62(5) பார்ப்பது குற்றத்தை அல்ல, ஆள் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மட்டும்தான்.

அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் பணமே முடிவு செய்கிறது. வெளிநாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2018இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவற்றில் தண்டனையை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 14 லட்சம் பேருக்கு வாசல் திறந்தது. மறு ஆண்டே, அபராதமும் கோர்ட் கட்டணமும் பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது என்று மாநில அரசு சட்டம் போட்டது. தென்னாப்பிரிக்காவில் 1999இல் சிறைவாசிகள் வாக்களிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் வழி செய்தது. 2003இல் அரசு, அபராதம் கட்டித் தப்பும் வாய்ப்பில்லாமல் சிறைத் தண்டனை பெற்றவர்களை மட்டும் விலக்கப் பார்த்தது. 2004இல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. ஆயுள் தண்டனைக் கைதியும் அங்கே வாக்களிக்கலாம். கனடாவிலும் 2002 தீர்ப்புக்குப் பிறகு அப்படித்தான். அந்த நாடுகள் இதனால் குற்றவாளிகள் கையில் போய்விடவில்லை.

சிறைகள் நம் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் வருகின்றன. கைதிக்கு என்ன சாப்பாடு, வேலைக்கு என்ன கூலி, டாக்டர் எத்தனை பேர், மனு பார்க்க வரும் மனைவி எவ்வளவு நேரம் கம்பிக்கு அப்பால் நின்று பேசலாம் என்பதையெல்லாம் மாநில அரசே முடிவு செய்கிறது. ஓட்டுக் கேட்டு ஒரு வேட்பாளரும் வராத இடம் அது. உள்ளே ஓட்டு இருந்தால் ஒரு எம்.எல்.ஏ.வாவது கழிப்பறையை எட்டிப் பார்ப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தண்டனை முடிந்து ஊருக்குத் திரும்பப் போகிறவரை, நீயும் இந்த ஊர்க்காரன்தான் என்று ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது நினைவுபடுத்தவும் அது உதவும்.

நாடாளுமன்றம் முதலில் விசாரணைக் கைதிகளுக்குத் தபால் ஓட்டு கொடுக்கட்டும். விதிகள் தயாராக இருக்கின்றன, தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்கு எழுதியதை இவர்களுக்கும் நீட்டினால் போதும். தண்டனைக் கைதிகளுக்கு அடுத்து வரட்டும்.

அதுவரை, சிறையில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஜெயிலுக்குப் போனால் ஓட்டு ஆயுளுக்கும் போய்விட்டது என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். போகவில்லை. உள்ளே இருப்பதை மட்டும் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கூடாது என்று 2013 திருத்தம் சொல்கிறது. பட்டியல் சரிபார்க்க வீட்டுக்கு வருபவரிடம் "அவர் இங்கே இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், விவரத்தைச் சொல்லுங்கள். குண்டர் சட்டத்தில் உள்ளே இருந்தால், தேர்தல் அறிவிப்பு வந்து பதினைந்து நாட்களுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுதித் தபால் ஓட்டுக் கேளுங்கள். விடுதலையாகி வந்த பின் பெயர் காணோம் என்றால் படிவம் 6 நிரப்பிக் கொடுங்கள்.