அலுவலகத்திற்கு எந்த உடை?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வழக்கு. அந்த ஆடைப் பாதியை அறியாமையால் ஓர் எளிய குடும்பம் பட்ட பாட்டை அண்மையில் நாம் நேரில் காண நேர்ந்தது.

நாமறிந்த இளைஞன் ஒருவன் பொறியியல் தேறினான். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவனே. சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. அதில், 'பிசினஸ் கேஷுவல் உடையில் வரவும்' என்று ஒரு வரி. 'பிசினஸ்' என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்ட தந்தையார், கோட்டும் டையும் இன்றி உள்ளே விடமாட்டார்கள் என்று முடிவு கட்டினார். தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. சித்திரை வெயிலில் கோட்டணிந்து சென்ற மகன், கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டு இயல்பாக அமர்ந்திருந்தோர் நடுவே கூனிக் குறுகினான். மறுவாரம் 'கேஷுவல்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, படம் போட்ட பனியன் சட்டையும் வெளுத்த ஜீன்சும் அணிந்து சென்றான். மேலதிகாரி அழைத்துக் கண்டித்தார். இருமுறையும் தலைகுனிவு, இருமுறையும் குற்றம் அவனுடையதன்று. அச்சொற்றொடரின் பொருளை அவனுக்கு விளக்குவார் இல்லை, அவ்வளவே.

வழக்கம் வந்த வரலாறு

கோட்டும் டையும் குளிர்நாட்டார் உடை. வெப்பமிக்க ஹவாய்த் தீவுகளில்தான் அதற்கு முதலில் விடுதலை கேட்டனர். 1962-இல் அங்குள்ள ஆடை உற்பத்தியாளர் சங்கம், சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட அலோஹா சட்டைகளை வழங்கியது. 1966 முதல் வெள்ளிக்கிழமைகளில் அச்சட்டையோடு அலுவலகம் செல்லும் வழக்கம் அங்கே பரவிற்று. பின்னர் இவ்வழக்கம் அமெரிக்கப் பெருநிலத்திற்கும் சென்றது. ஆனால் எது தகும், எது தகாது என்பதில் அங்கும் குழப்பமே. 1992-இல் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனி ஒரு கையேட்டை அச்சிட்டு, சுமார் 25,000 நிறுவனங்களின் பணியாளர் துறை அதிகாரிகளுக்கு அனுப்பியது. தான் தயாரித்த காக்கிக் கால்சட்டைகளை விற்பதே அதன் நோக்கம். எனினும், நடுத்தர உடைக்கு ஓர் இலக்கணம் அதனால் கிடைத்தது.

2005-இல் ஜப்பானிய அரசு, கோடையில் குளிர்சாதனத்தை 28 பாகை அளவில் நிறுத்தி, டையும் கோட்டும் இன்றி வேலை செய்யுமாறு அலுவலகங்களை வேண்டியது. மின்சாரம் மிச்சம், உடலுக்கும் இதம்.

நம் தமிழகமும் பின்தங்கவில்லை. 2014-இல் வேட்டியணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னை மன்றம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டபோது, அத்தகைய தடையைச் சட்டமன்றம் சட்டமியற்றி நீக்கியது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்க்கு வந்த ஆணையில், ஆண்களுக்குச் சட்டை-பேண்டோடு வேட்டியும், பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவோடு கூடிய சுடிதாரும் தக்க உடைகளாகக் கூறப்பட்டன.

நடுவழி எது?

'பிசினஸ் கேஷுவல்' என்பது முழு முறையுடைக்கும் வீட்டுடைக்கும் இடைப்பட்ட நடுவழி. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, கறுப்பு, சாம்பல், கருநீலம் அல்லது காக்கி நிறப் பேண்ட், பெல்ட், மூடிய தோல் காலணி ஆகியன போதும். கோட்டு வேண்டா; டையும் வேண்டா. பெண்களுக்குச் சேலையோ, சுடிதாரோ, முழங்கால் எட்டும் குர்த்தாவோ நம் நாட்டு அலுவலகங்களில் எங்கும் பொருந்தும். வாசகம் பொறித்த பனியன் சட்டை, கிழித்துவிட்ட ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு ஆகியவற்றை விலக்குக. சாயம் போகாத ஜீன்சைச் சில இடங்களில் ஏற்பர், சில இடங்களில் ஏற்கார். ஆகவே முதல் வாரத்தில் அதனைத் தவிர்ப்பதே நலம்.

இரண்டு பேண்டும் நான்கு சட்டையும் இருப்பின் மாற்றி மாற்றி அணிந்து வாரத்தை ஓட்டிவிடலாம். விலையைவிட அளவு முக்கியம். தோளில் தொங்கும் சட்டை எத்துணை விலையாயினும் அழகன்று. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்றனர் பெரியோர். துவைத்து, இஸ்திரி போட்டு, காலணியைத் துடைத்து அணிபவனை எந்த அலுவலகமும் இகழாது.

பெற்றோருக்கு ஒரு சொல்

கடிதத்தில் புரியாத சொல் இருப்பின், கடன் வாங்குமுன் கேட்டுத் தெளிக. கடிதம் அனுப்பிய அலுவலகத்தையே கேட்பதில் இழிவொன்றும் இல்லை. அங்கே பணிபுரியும் ஒருவரைக் கேட்பது இன்னும் எளிது. அதற்கும் வழியில்லையேல், முதல் நாளில் சற்று மிகுந்த முறையோடு உடுத்திச் சென்று, பிறரைப் பார்த்துப் பின்னர் தளர்த்திக்கொள்ளலாம். வேலை தருவோருக்கும் ஒரு விண்ணப்பம்: 'காலர் சட்டை, பேண்ட், காலணி' என்று விளங்கும் சொற்களில் எழுதினால் எத்தனையோ ஏழை வீடுகளின் அல்லல் தீரும்.

அந்த இளைஞன் இன்று நன்றாகவே பணிபுரிகிறான். மூன்று மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாய்ச் சேர்த்துத் தாயாரின் தோட்டை மீட்டுவிட்டான். கோட்டு மட்டும் வீட்டு ஆணியில் தொங்குகிறது. தம்பியின் திருமணத்திற்கு உதவும் என்கிறார் தந்தையார்.