பிறர் வியாபாரத்துக்கு உங்கள் வங்கிக் கணக்கா?



கூடுகை முடிந்து யாவரும் புறப்பட்ட பின்பும் வாலிபர் ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்றார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறவர். "ஐயா, சம்பளம் வந்துவிட்டது, ஆனால் எடுக்க முடியவில்லை" என்றார். வீட்டு வாடகை கொடுக்கவேண்டிய நாள் கடந்திருந்தது. ஊரிலிருக்கும் தாயாருக்கு மாதந்தோறும் அனுப்பும் மருந்துப் பணமும் அதே கணக்கில் நின்றுபோயிருந்தது. வங்கியில் விசாரித்தபோது, வட மாநிலம் ஒன்றின் காவல்துறை கேட்டுக்கொண்டதால் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்களாம்.

மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு, அறிமுகமான ஒருவர் மூலமாய் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அயல்நாட்டில் ஆயத்த ஆடை விற்கும் நிறுவனமாம். இந்திய வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்துவது கடினமாயிருப்பதால், அவர்கள் செலுத்தும் தொகையை இவருடைய கணக்கில் பெற்று, நூற்றுக்கு இரண்டு ரூபாயை வைத்துக்கொண்டு, மீதியைச் சொல்லுகிற கணக்குகளுக்கு யூபிஐ வழியாக அனுப்பினால் போதுமாம். முதலீடும் இல்லை, உழைப்பும் இல்லை. இப்படிப் பணம் செலுத்தினவர்களில் ஒருவர் வாக்களிக்கப்பட்ட பொருளைக் காணாமல் புகார் செய்துவிட்டார். அவருடைய பணம் நம் வாலிபரின் கணக்கில் பத்து நிமிடங்கூடத் தங்கவில்லை. ஆயினும் ஏமாந்தவரின் கையிலிருந்த ரசீதில் காணப்பட்ட ஒரே பெயர் இவருடையதுதான்.

இத்தகைய கணக்குக்கு வங்கியார் 'மியூல் கணக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மியூல் என்பது கோவேறு கழுதை. சுமையின் சொந்தக்காரன் எங்கோ இருக்கிறான். பிடிபடுவது சுமக்கிற பிராணியே. பெயர் கடுமையானதுதான், ஆனால் பொருத்தமானது. இவ்விதக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல்ஹன்டர்' என்னும் கணினி ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது. ஒருவருடைய சம்பளக் கணக்கில் முன்பின் தெரியாத பலரிடமிருந்து பணம் வருவதும், வந்தவுடன் வெளியேறுவதும் இனி எளிதில் மறையாது.

"அந்த நிறுவனம் உண்மையானதாயிருந்தால்?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் குடும்பங்களில் இது வீண் கேள்வியன்று. துபாயிலோ சிங்கப்பூரிலோ கடை வைத்திருக்கும் அண்ணன், "இந்தியாவில் வாங்குகிறவர்கள் உன் கணக்கில் போடட்டும், நான் வரும்போது வாங்கிக்கொள்ளுகிறேன்" என்று தங்கையிடம் சொல்லுவது நடக்கிற காரியமே. அவர் ஒருவரையும் ஏமாற்றவில்லை. தங்கையும் ஒரு காசு எடுக்கவில்லை. ஆனாலும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, இங்கே குறுக்கிடுகிறது. இந்தியாவுக்கு வெளியே வசிக்கிற ஒருவரின் சொற்படியோ அவர் சார்பிலோ வரும் பணத்தை, அங்கீகாரம் பெற்றவர் மூலமாக அன்றி இங்கே பெறலாகாது என்று அதன் 3-ஆம் பிரிவு கூறுகிறது.

"வங்கி வழியாகத்தானே வந்தது?" என்கிற பதிலும் நிற்காது. அதற்கு ஈடான தொகை வெளிநாட்டிலிருந்து உள்ளே வராதபட்சத்தில், வங்கி மூலமாகப் பெற்றதும் அங்கீகாரமின்றிப் பெற்றதாகவே கருதப்படும் என்று அப்பிரிவின் விளக்கம் சொல்லுகிறது. உள்ளூர் வாடிக்கையாளர் உள்ளூர்க் கணக்கில் போடுகிற பணம் அப்படிப்பட்டதே. மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது. கிடைத்த நூற்றுக்கு இரண்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் மோசடியில் வந்ததென்று அறிந்தே உதவியதாக நிரூபணமானால், 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

உண்மையான வியாபாரிக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. எல்லை கடந்த பணப்பரிவர்த்தனையை நடத்தும் நிறுவனங்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31 அன்று வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மூலம் அயல்நாட்டுக் கடை தன் பெயரிலேயே பணம் பெறலாம். அல்லது இங்கே முறைப்படி நிறுவனம் பதிவுசெய்து நடப்புக் கணக்கு தொடங்கலாம். இவற்றுக்கு ஆவணங்கள் கேட்பார்கள், கட்டணமும் உண்டு. அவ்விரண்டுக்கும் விலகி, பெங்களூரில் வாடகைவீட்டில் குடியிருக்கும் ஓர் அந்நியனின் சேமிப்புக் கணக்கை ஒரு நிறுவனம் ஏன் தேடிவருகிறது? வாலிபர் இதைக் கேட்டிருந்தால் போதும். கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அறிமுகம் செய்தவர் நம்பிக்கைக்குரிய மனிதர். அந்த மனிதரும் ஏமாற்றப்பட்டவரே என்பது பின்னர்தான் தெரிந்தது.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் முதலாவது பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். "தவறுதலாக வந்துவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்பு" என்று வற்புறுத்தினாலும் அனுப்பாதிருங்கள். அது இன்னொரு சுமையாக முடியும். வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பயத்தினால் வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். நீங்கள் எவ்வாறு இதில் சேர்க்கப்பட்டீர்கள் என்பதற்கு அவையே சாட்சி. 1930 என்ற எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ நீங்களே முந்திக்கொண்டு தெரிவியுங்கள். ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தால் அன்றைக்கே முடக்கச் சொல்லுங்கள்.

நம் வாலிபர் அந்த உரையாடல்களை அழிக்காமல் வைத்திருந்தார். அவற்றை அச்செடுத்து, ஒரு வழக்கறிஞரின் துணையோடு, மொழி தெரியாத ஊருக்கு இரண்டு முறை ரயிலேறினார். மூன்று மாதங்களுக்குப் பின்பு, புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு, மீதியை எடுக்க வங்கி அனுமதித்தது. அந்த மூன்று மாதமும் தாயாரின் மருந்துக்குப் பணம் அனுப்பியவர் அவரோடு அறையில் தங்கியிருந்த நண்பர்.